மலை ஏற மறுக்கும் கார்

மாவனல்லையைத் தாண்டிக் கண்டி நோக்கி வரும் பாதை கடுகண்ணாவையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. சமதரையில் ஒழுங்காக ஓடிய கார் அங்கே இழுக்க மறுத்து, பின்னால் பஸ்ஸும் லொறியும் ஹோர்ன் அடித்தால், பிள்ளைகளோடு வரும் தாய் பதறிப்போவது இயல்பே. கண்டியிலும் அக்குறணையிலும் இன்று சகோதரிகள் பலர் கார் ஓட்டுகின்றனர். 2020 இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் பல வீடுகளில் பழைய காரே ஓடுகிறது. இந்தக் கோளாறைப் பற்றி அறிந்திருப்பது பணத்தையும் காக்கும், உயிரையும் காக்கும்.

எஞ்சினே போய்விட்டது என்று கலங்க வேண்டாம். சிறியதொரு சென்சரும் இதற்குக் காரணமாகலாம்.

ஏன் இப்படி?

அரிசியைச் சுண்டால் அளந்துதானே தண்ணீர் வைக்கிறோம்? அளவு பிழைத்தால் சோறும் பிழைக்கும். ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பல கார்களில் எயார் ஃபில்டரை அடுத்துள்ள காற்று சென்சர் உள்ளே போகும் காற்றை அளக்கிறது. அதற்கேற்பக் கணினி பெற்றோலை விடுகிறது. சென்சரின் நுண்ணிய சூடான கம்பியில் தூசியும் எண்ணெயும் படிந்தால் அது காற்றைக் குறைத்துக் காட்டும், பெற்றோலும் குறையும். சமதரையில் இது அவ்வளவாகத் தெரியாது. ஏற்றத்தில் எஞ்சின் மிகுந்த காற்றையும் பெற்றோலையும் கேட்கும்போதுதான் குறை வெளிப்படும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எயார் ஃபில்டரையும், அதன் பின்னுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது ஸ்கேன். ஸ்டியரிங்கின் கீழுள்ள சொக்கெட்டில் கருவியைப் பொருத்தினால் ஓர் இலக்கம் வரும். 'பீ 0171' என்றால் காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை என்று பொருள். இலக்கம் முறைப்பாட்டைச் சொல்லுமேயன்றி, குற்றவாளியைச் சொல்லாது. வெடித்த குழாயும், தளர்ந்த பெற்றோல் பம்பும்கூட இதே இலக்கத்தைத் தரும்.

சென்சரில் அழுக்கென்றால் அதற்கென்றே விற்கப்படும் ஸ்பிரேயால் கழுவி, நன்கு காயவிட்டுப் பொருத்தலாம். துணியால் துடைத்தால் கம்பி அறுந்துவிடும். பின்னர் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் சரிவராமல், சோதனையில் சென்சரே பழுதென்று உறுதியானால் மட்டும் புதியது வாங்குங்கள்.

கராஜில் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: "ஸ்கேனில் என்ன இலக்கம் வந்தது? வேறு எவற்றைச் சோதித்தீர்கள்?" கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வழியில் நேர்ந்தால்

எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, குறைந்த கியரில் இடப்புறமாக ஒதுங்குங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வையுங்கள். டாஷ்போர்டிலுள்ள எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மேலும் ஓட்டாதீர்கள். பிள்ளைகளைப் பாதையோரத்தில் பாதுகாப்பான இடத்தில் இறக்கிவிட்டு உதவிக்கு அழையுங்கள்.