கோடிக்கரைக்கு வரும் விருந்தாளிகள்

கந்தூரிக் காலத்தில் குடும்பத்தோடு நாகூர் சென்று வருவோர் உங்களில் பலர் இருப்பீர்கள். ஜியாரத் முடிந்ததும் கடைத்தெருவில் பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவதே வழக்கம். அங்கிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகத் தெற்கே அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் கோடிக்கரை வந்துவிடும். கந்தூரி நடைபெறும் ஜமாதுல் ஆகிர் மாதம் இவ்வாண்டுகளில் நவம்பர், டிசம்பர் வாக்கில் வருகிறது. பிறைக் கணக்கில் அது ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னே நகரும். ஆதலால் இன்னும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே கந்தூரியும் பறவைகளின் வருகையும் ஒரே பருவத்தில் அமையும்.

வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் அமைந்துள்ள கோடிக்கரை, 1967-ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் உலகச் சதுப்பு நிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில், தமிழகத்திலிருந்து முதலாவதாக இடம் பெற்றது. பூநாரைகள் ஆழமற்ற உவர்நீரில் நீண்ட கால்களை ஊன்றி, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி இரை வடிகட்டும் காட்சியை இங்கே காணலாம். ஆயினும் என்னைப் பெரிதும் வியக்க வைப்பது பூநாரை அன்று. கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவையே. 25 கிராம் அளவே எடையுள்ள இது, ஆர்க்டிக் பனிப்புலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் கடற்கரைக்கு வருகிறது. வானில் சிறகு விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று திருமறை கேட்பது இங்கே நினைவுக்கு வரும்.

இப்பறவைகளின் வரலாற்றில் நம் சமுதாயத்தாருக்கும் பங்குண்டு. பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) சிறுவனாக இருந்தபோது சிட்டுக்குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் காணவே, இதை உண்ணுதல் ஆகுமா என்ற ஐயத்துடன் மாமாவிடம் எடுத்துச் சென்றார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அந்த மார்க்க ஐயமே ஓர் அறிஞரை உருவாக்கியது! பிற்காலத்தில் அவர் வழிநடத்திய அக்கழகம், கோடிக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டு, அவற்றின் பயணத்தை ஆராய்ந்தது. பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த பீகார் மாநிலத்து மீர்ஷிகார் முஸ்லிம்கள் கழகத்தின் வளையமிடும் பணியில் சேர்ந்து உழைத்தனர். கொன்று விற்பதற்குப் பயன்பட்ட கைத்திறன், உயிரோடு விடுவதற்குப் பயன்பட்டது.

சுற்றுலாவினால் பறவைகளுக்கு நன்மை விளைய வேண்டுமாயின், இவ்வாறுதான் விளைய வேண்டும். உள்ளானும் மடையானும் வலையில் சிக்கிக் கறியாகும் வழக்கம் நம் கடலோர மாவட்டங்களில் இருந்து வந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது; எனினும் வறுமைக்கு முன் சட்டம் மட்டும் நின்றுவிடாது. உயிருள்ள பறவையைக் காட்டி ஈட்டும் கூலி, செத்த பறவையின் விலையைவிட மிகுதியாக இருந்தால் வலை விரிப்பவன் யோசிப்பான். ஆகவே உள்ளூர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்ளுங்கள். அவ்வூர்க் கடையிலேயே உண்ணுங்கள். பறவைக் கறி என்று யாரேனும் கொண்டு வந்தால் வாங்காதீர்கள்.

கூட்டமாக மேயும் பறவைகளைக் கைதட்டியும் கல்லெறிந்தும் கிளப்பிவிட்டுப் புகைப்படம் எடுப்போர் இருக்கின்றனர். மார்ச், ஏப்ரலில் திரும்பிச் செல்வதற்கான கொழுப்பை அப்பறவைகள் இங்கேதான் உடலில் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை வெருண்டு எழும்போதும் அதில் ஒரு பங்கு வீணாகிறது. குஞ்சுகளை எடுத்துவிட்டதால் சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இதை வருத்தியவர் யார் எனக் கேட்டு, குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் செய்த நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பிள்ளைகளுக்கு இதைப் புறப்படுமுன்பே சொல்லி வையுங்கள். அங்கே போய் அதட்டினால் அதுவே ஒரு கூச்சலாகிவிடும்!

உப்பளங்களின் விரிவும், சீமைக்கருவேலத்தின் பெருக்கமும், 2018 நவம்பரில் வீசிய கஜா புயலும் இப்பகுதிக்கு இழைத்த தீங்குகள் தனிக் கட்டுரைக்குரியவை.

போவோர் கவனத்திற்குச் சில செய்திகள். சரணாலயத்தினுள் செல்ல வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். மழைக்காலமாதலால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. இருகண் நோக்கி ஒன்று இருந்தால் நெருங்கிச் செல்லும் அவசியம் இராது. சுபுஹுத் தொழுகை முடித்து நாகூரிலிருந்து கிளம்பினால், வெயில் ஏறுமுன் கரையை அடைந்துவிடலாம். காட்டுக்குள் கடை கிடையாது. குடிநீர் கையோடு இருக்கட்டும், காலிப் புட்டியும் உங்களோடு திரும்பட்டும்.