குண்டுப் பூச்சி... குறி தப்பாது!

'தூண்டில் போடுறதுல கத்துக்க என்னப்பா இருக்கு? புழுவைக் குத்தணும், தண்ணியில போடணும், தக்கை ஆடுதான்னு பார்க்கணும். அவ்ளோதானே!'னு கேட்கிற பார்ட்டியா நீங்க? அப்படின்னா ஃப்ளை ஃபிஷிங் பக்கம் கொஞ்சம் வாங்க.

இதுல புழு கிடையாது. முள்ளின் மேல் இறகு, முடி, நூல் எல்லாம் சுற்றி, பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ கட்டுவார்கள். அதுதான் ஃப்ளை. நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் இதைத்தான் வீசினார்கள். அதற்காகவே ட்ரவுட் மீனை இங்கே கொண்டுவரப் பார்த்தார்கள். 1860-களில் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி பலிக்கவில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி.வில்சன்தான் ஜெயித்தார். அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணையும் வந்தது.

'சரி, ரெட்டியார்பாளையத்துல ட்ரவுட்டுக்கு எங்கே போறது?' தேவையே இல்லை பாஸ்! வீசிப் பழக ஒரு காலி கிரவுண்டு போதும்.

எடை எங்கே இருக்கு?

சாதாரண தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு பின்னாடியே ஓடும். ஃப்ளையில் உல்டா! பூச்சிக்கு எடையே இல்லை. கனமான லைன்தான் பறந்து பூச்சியை இழுத்துட்டுப் போகும். 6-ம் நம்பர் லைனின் முதல் 30 அடி சுமார் 10 கிராம் இருக்கும். ராடு வளைந்து நிமிரும் வேகத்தில் அந்த 10 கிராம் காற்றில் சுருள் விரிகிற மாதிரி விரியும்.

ஆனா, ஆழத்துல இருக்கிற மீனுக்கு பூச்சி முங்கணுமே? அதற்காக ஈயக்கம்பி, டங்ஸ்டன் மணி, குட்டி டம்பெல் கண்கள் எல்லாம் வைத்துக் கட்டுவார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாக்காரர் பாப் கிளவுசர் 1980-களில் கட்டிய 'கிளவுசர் மின்னோ' இந்த ரகம்தான். கொடுவா மீன்கூட இதுக்கு மயங்கும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். பின்னால் வீசும்போது குண்டுப் பூச்சி கடைசியில் வெடுக்கென்று சுண்டும், துள்ளும், கீழே விழும். அதே நேரத்தில் முன்னால் இழுத்தால், நேரா உங்க காதை நோக்கி வரும். ராடுல பட்டால் சின்னதா ஒரு கீறல்தான் விழும். ஆனா அடுத்த பெரிய மீனுக்கு ராடு அங்கேயே உடையும்.

அஞ்சே அஞ்சு விஷயம்!

1. அவசரம் கூடாது. வேகத்தைக் குறைச்சு, வீச்சை அகலமாக்குங்க. லைனின் சுருள் அகலமா திறந்தபடி போகணும்.

2. பின்னால் போகும்போது ராடைப் பக்கவாட்டில் சாய்த்து வீசுங்க. அப்படியே நிறுத்தாமல் வளைத்து, தலைக்கு மேலாக முன்னால் கொண்டுவாங்க. பாதை நீள்வட்டமா இருக்கும். லைன் எங்கேயும் தளராது, குண்டும் துள்ளாது. இதுக்கு 'பெல்ஜியன் காஸ்ட்'னு பேர்.

3. லைன் நுனியில் கட்டும் நரம்பு குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும்.

4. காற்றில் சும்மா முன்னும் பின்னும் ஆட்டாதீங்க. ஒரு பின்வீச்சு, ஒரு முன்வீச்சு, அவ்வளவுதான்!

5. காற்றைப் பாருங்க. புதுச்சேரியில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். வலது கைக்காரர்கள் தெற்கு பார்த்து நின்றால் காற்று இடப்பக்கம் வரும். பூச்சி உங்களை விட்டு விலகியே பறக்கும். வடக்கு பார்த்தால்? காது பத்திரம்!

அரியாங்குப்பம் ஆற்றில் வீச்சு வலை போடும் அண்ணன்களைக் கவனிச்சிருக்கீங்களா? வலை விளிம்பு முழுக்க ஈயக்குண்டு. ஆனா அவர் வெடுக்குன்னு இழுக்க மாட்டார். உடம்போடு சுழன்று, எடை சுற்றி வரும்வரை காத்திருந்து விடுவார். அதே பாடம்தான் இங்கேயும்!

பத்திரம் ப்ளீஸ்...

பழகும்போது முள்ளே வேண்டாம். முதலில் உல்லன் நூல் துணுக்கு, கை படிந்ததும் ஒரு சின்ன பித்தளை மணி. கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். பின்னால் ஆள் நிற்கிறாங்களான்னு ஒவ்வொரு முறையும் பாருங்க. எல்லாத்துக்கும் மேல, கரண்ட் கம்பி பக்கத்தில் ராடைத் தூக்கவே கூடாது. கிராஃபைட் ராடு மின்சாரம் கடத்தும். விளையாட்டு வினையாகிடும்!

ஊசுட்டேரி பக்கம்தானே இருக்குன்னு அங்கே கிளம்பிடாதீங்க. 2008-ல் இருந்து அது பறவைகள் சரணாலயம். அறுந்த நரம்பு பறவையின் காலைச் சுற்றும். ஈயம் வயிற்றுக்குள் போனால் விஷம். அன்னப்பறவைகள் செத்ததால் 1987-ல் பிரிட்டன் சின்ன ஈயக்குண்டுகளை விற்கவே தடை போட்டது. அதனால் டங்ஸ்டன் வாங்குங்க. விலை கூடத்தான், ஆனா ஈயத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி, அதனால் குட்டி மணியே சீக்கிரம் முங்கும்.

தினம் காலையில் இருபது நிமிஷம் போதும். 30 அடி தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைங்க. பத்துக்கு ஏழு தடவை மணி அதுக்குள்ள விழுந்தா, ஹிமாச்சலின் தீர்த்தன் நதிக்கு டிக்கெட் போடலாம். அங்கே மீன்வளத் துறை லைசென்ஸ் எடுத்துட்டு ட்ரவுட் பிடிக்கலாம்.

வாளி ரெடியா?