நம் மலைக் கிராம்பும் நம் கடையின் பெயரும்

பல்வலி தாங்காமல் இரவில் கடைக் கதவைத் தட்டுகிறவர் கேட்கும் சரக்கு எது? கிராம்பு. இரண்டு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டால் வலி மரத்துப்போகும். அதிலுள்ள யூஜினால் என்ற எண்ணெய்ச் சத்தே இதற்குக் காரணம். பல் மருத்துவர்களும் துத்தநாக ஆக்சைடோடு இதைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். பிரியாணி, மசாலைப்பொடி, பற்பசை, நாட்டு மருந்து என்று கிராம்பு போகாத இடமில்லை.

இதன் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். சுமார் 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் கொண்டுவந்து நட்டார்கள். அங்கிருந்து நமது மலைகளுக்கும் வந்தது. இன்று இந்தியாவில் மிக அதிகமாகக் கிராம்பு விளைவது நமது குமரி மாவட்டத்தில்தான். மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பகுதித் தோட்டங்களில் காட்டு மரங்களின் அணைப்பில் இது வளர்கிறது. இரண்டு பருவ மழையும், கடற்காற்றின் ஈரமும், இலைமக்கு நிறைந்த மண்ணும் இதற்குப் பிடித்தமானவை. 2021-இல் 'கன்னியாகுமரி கிராம்பு' புவிசார் குறியீடும் பெற்றது.

பயிர் செய்வது பொறுமையான வேலை. விதை சில நாட்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். பழம் பறித்தவுடன் தோல் நீக்கி விதைக்க வேண்டும். நாற்றுக்கும் இளங்கன்றுக்கும் நிழல் கட்டாயம். வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. காய்ப்புக்கு வர ஏழெட்டு ஆண்டுகளாகும். நல்ல விளைச்சல் பார்க்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். நாம் விற்பது மலராத மொட்டு. பச்சை நிறம் மாறிச் சிவப்பு ஓடும்போது ஏணி வைத்துக் கையால் பறிக்க வேண்டும். நாள் தப்பிப் பூத்துவிட்டால் விலை போகாது. காம்பு கிள்ளி நாலைந்து நாள் வெயிலில் உலர்த்தினால், ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மொட்டு ஒரு கிலோ சரக்காகும்.

இவ்வளவு பாடுபட்டு வரும் பொருளில்தான் கலப்படமும் நடக்கிறது. 1994-இல் வெளியூர் வியாபாரி ஒருவரிடம், விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு மூட்டை எடுத்தேன். எண்ணெய் வடித்த கிராம்பு பாதிக்குப் பாதி கலந்திருந்தது. பிரித்துப் பார்க்காமலே சில்லறைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டேன். பத்து வருடம் என்னிடம் சரக்கெடுத்த மளிகைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, ஒங்க கிராம்புல மணமே இல்லியே" என்று மட்டும் சொன்னார். சண்டை போடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வேறு கடைக்குப் போய்விட்டார். மூட்டையில் மிஞ்சிய லாபம் எத்தனை ரூபாய் என்பது மறந்துவிட்டது. அவர் முகம் மறக்கவில்லை.

அன்றுமுதல் நான் செய்யும் சோதனைகள் இவை. ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து கிராம்பைப் போடுங்கள். நல்லது அடியில் அமிழும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் வடித்தது குறுக்கே படுத்து மிதக்கும். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். சுருங்கிக் கறுத்தது, தலை உதிர்ந்தது, காம்பு அதிகமுள்ளது ஆகியவற்றைத் தள்ளுங்கள். வாங்கிய சரக்கை ஈரம் படாமல் மூடி வையுங்கள். எண்ணெய் எடுத்த கிராம்பை நல்லதென்று விற்பது சட்டப்படியும் குற்றம்.

மடகாஸ்கரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் கிராம்பை விற்பதில் தவறில்லை. அதை அதன் பெயரிலேயே விற்போம். குமரிக் கிராம்பு என்று எழுதிய டப்பாவில் நம் மலைச் சரக்கே இருக்கட்டும். பதினைந்து வருடம் மரத்தைக் காத்து நிற்கும் தோட்டக்காரருக்கு உரிய விலை கிடைப்பதும், அந்தப் பெயர் நிலைப்பதும் நமது தராசில்தான் இருக்கிறது. அங்கத்தினர்கள் இன்றே ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தங்கள் கடைக் கிராம்பைச் சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.