ஜப்பானையும் கொரியாவையும் வீழ்த்திய இந்தியா: கால்பந்துக் கோப்பை வெல்ல ஒரு நாட்டுக்கு என்ன வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானிய எழுத்தில் பெயர்ப் பலகை பார்ப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், வல்லம் வடகால் சிப்காட்டில் யமஹா, ஒரகடத்தில் ரெனோவுடன் சேர்ந்து 2010-ல் நிசான் திறந்த கார் ஆலை என இந்தச் சாலைகளின் வேலைவாய்ப்பில் அந்த இரண்டு நாடுகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்த இரண்டு நாட்டு அணிகளையும் ஒரே கால்பந்துத் தொடரில் தோற்கடித்து இந்தியா தங்கம் வென்றது என்றால் நம்ப முடிகிறதா? நடந்தது 1962-ல். அதே இந்தியா, 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, 24 அணிகள் ஆடும் 2027 ஆசியக் கோப்பைக்குக்கூட தகுதி பெற முடியாமல் வெளியேறியது.

இடையில் என்ன ஆச்சு? ஒரு தேசிய அணி பெரிய கோப்பை வெல்ல உண்மையில் என்ன தேவை?

1962-ல் ஜகார்த்தாவில் நடந்தது என்ன?

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என வென்றது.

இறுதிப்போட்டியில் எதிரே மீண்டும் தென் கொரியா. போட்டி அமைப்பு தொடர்பான அரசியல் சர்ச்சையால் மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். ஆனாலும் முதல் 20 நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். கொரியா கடைசி நிமிடங்களில் ஒன்றைத் திருப்பியது. முடிவு 2-1.

கோல் கம்பத்தில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் வளர்ந்த ராணுவ வீரர்.

அது வெறும் அதிர்ஷ்டமா?

இல்லை. மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

* நீண்டகாலப் பயிற்சியாளர்: ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் 1950 முதல் அணியோடு இருந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4-வது இடம் பிடித்ததும் அவர் காலத்தில்தான்.

* சேர்ந்தே வளர்ந்த வீரர்கள்: சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம், ஜர்னைல் சிங் எல்லாரும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஏற்கெனவே ஒன்றாக ஆடியவர்கள். அங்கே பிரான்ஸோடு 1-1 என டிரா செய்த அணி அது.

* தோல்விக்குப் பின் மாறும் துணிச்சல்: தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை உட்கார வைக்காமல், முன்கள ஆட்டக்காரராக மாற்றினார். அரையிறுதி, இறுதி இரண்டிலும் ஜர்னைல் கோல் அடித்தார்.

மூன்றாவது காரணம் உலகக் கோப்பைகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. 2010-ல் ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்றது. 2022-ல் அர்ஜென்டினா சவுதி அரேபியாவிடம் 1-2 எனத் தோற்றது. அதன் பிறகு பயிற்சியாளர் ஸ்கலோனி அணியை மாற்றி, மாக் அலிஸ்டர், என்சோ பெர்னாண்டஸ் போன்ற இளைஞர்களை உள்ளே கொண்டுவந்தார். இரண்டு அணிகளும் கடைசியில் கோப்பையோடுதான் வீடு திரும்பின.

மக்கள்தொகையும் பணமும் இருந்தால் போதாதா?

போதாது. 1930 முதல் 2022 வரை நடந்த 22 ஆண்கள் உலகக் கோப்பைகளை வென்றவை 8 நாடுகள் மட்டுமே. அதில் உருகுவே மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான். அந்த நாடு இரண்டு முறை சாம்பியன். சுமார் 40 லட்சம் பேர் உள்ள குரோஷியா 2018-ல் இறுதிப்போட்டி வரை போனது. பணத்துக்கும் ஆட்களுக்கும் குறைவில்லாத சீனா, ஆண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே 2002-ல் ஒரே முறைதான்.

அதாவது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட எத்தனை பேர் சின்ன வயதிலிருந்து ஒழுங்காக ஆடுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அப்போ ஜப்பானும் கொரியாவும் எங்கே முந்தின?

இங்கேதான் கதை மறுபடியும் தொழிற்சாலைக்கு வருகிறது.

இந்தியாவிடம் தோற்ற மூன்றே ஆண்டுகளில், 1965-ல், ஜப்பான் ஒரு தேசிய லீக்கைத் தொடங்கியது. அதில் ஆடியவை பெரும்பாலும் கம்பெனி அணிகள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு வெண்கலம் கிடைத்தது. 1993-ல் முழுநேரத் தொழில்முறை ஜே லீக் வந்தபோது, அந்தக் கம்பெனி அணிகளில் பல ஊர்ப் பெயரோடு கிளப்களாக மாறின.

* நிசான் அணிதான் இன்றைய யோகோஹாமா எஃப் மரினோஸ்.

* யமஹா அணிதான் ஜூபிலோ இவாட்டா. 1998-ல் ஜப்பானின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்த மசாஷி நகயாமா அந்தக் கிளப்பின் வீரர்.

* கொரியாவில் ஜியோன்பக் ஹூண்டாய் மோட்டார்ஸ் இரண்டு முறை ஆசிய சாம்பியன்ஸ் லீக் வென்றது.

வல்லம் வடகாலில் பைக் செய்கிற, இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிற அதே கம்பெனிகள்தான், தங்கள் நாட்டில் கால்பந்து வீரர்களையும் உருவாக்கின. அதன் பலன், 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனி, ஸ்பெயின் இரண்டையும் ஜப்பான் வீழ்த்தியது.

நம்ம ஊரில் கம்பெனி அணிகள் இல்லையா?

இருந்தன. சென்னை லீக்கில் ஐ.சி.எஃப். அணி ஆடியது. இந்தியன் வங்கி அணி தேசிய கால்பந்து லீக் வரை போனது. பந்து ஆடத் தெரிந்த பையனுக்கு ரயில்வே வேலை, வங்கி வேலை கிடைக்கும் என்பதே பல வீடுகளில் ஆட விடுவதற்குக் காரணமாக இருந்தது. ஆனால் இங்கே அந்த அணிகள் ஊர் கிளப்களாக வளரவில்லை.

அகில இந்திய அளவிலும் நிலைமை கவலைக்கிடம். உரிம ஒப்பந்தச் சிக்கலால் 2025-26 ஐ.எஸ்.எல். பருவம் குறித்த காலத்தில் தொடங்கவே இல்லை. லீக் நடக்காவிட்டால் வீரருக்கு ஆட்டம் இல்லை, சம்பளமும் நிச்சயமில்லை.

நல்ல பயிற்சியாளர் வந்தால் எல்லாம் மாறுமா?

ஓரளவு. 2001-ல் தென் கொரியாவுக்கு வந்த டச்சுக்காரர் ஹிடிங்க், பிரான்ஸ், செக் குடியரசு இரண்டிடமும் 0-5 எனத் தோற்றார். கொரியா அவரை அனுப்பிவிடவில்லை. நீண்ட முகாமுக்கு வீரர்களை விடுவித்தது. 2002-ல் கொரியா 4-வது இடம். சொந்த மண் என்ற சாதகமும் இருந்தது. நடுவர் முடிவுகள் பற்றிய சர்ச்சையும் இன்னும் ஓயவில்லை.

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. 2022 இறுதிப்போட்டி 3-3 என முடிந்து பெனால்டி ஷூட்அவுட்டில்தான் தீர்ந்தது. ஆனால் அந்த இடம் வரை போக அதிர்ஷ்டம் மட்டும் போதாது.

இனி வழி என்ன?

பெண்கள் கால்பந்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. சீனியர் தேசிய சாம்பியன்ஷிப்பை தமிழ்நாடு பெண்கள் அணி 2018, 2023 என இரண்டு முறை வென்றிருக்கிறது. இந்தியப் பெண்கள் அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வீழ்த்தி 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். பெரும்பாலும் இளம் பெண்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், ஆலைகளுக்கு இடையே வாராவாரம் நடக்கும் ஒரு லீக். ஜப்பான் 1965-ல் தொடங்கியது கிட்டத்தட்ட இதைத்தான்.

ஜகார்த்தா வெற்றிக்கு அடுத்த ஆண்டே, 1963-ல், ரஹீம் புற்றுநோயால் இறந்தார். ஆண்கள் கால்பந்தில் இந்தியாவின் கடைசி ஆசிய விளையாட்டுத் தங்கம் இன்றுவரை அதுதான்.