குளத்துக்குக் குளிர்காலப் போர்வை

அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றியும் சுதந்திர தேவி சிலையைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டார்கள். எனக்கு அங்கே மனதில் நின்றது வேறு. ஒரு குளத்தை மூடிய காட்சி அது. 2022 அக்டோபரில், நியூ ஜெர்சியில், என் பெண் வீட்டுக் கொல்லையில் பார்த்தேன்.

குளம் என்றதும் படித்துறையும் அல்லியும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. இது நீச்சல் குளம். 16 அடி அகலம், 32 அடி நீளம். ஒரு கோடியில் இடுப்பளவு ஆழம், மறுகோடியில் ஆள் முழுகும் ஆழம். உள்ளே நீல நிற வினைல் விரிப்பு. வீட்டை வாங்கியபோது கூடவே வந்ததே தவிர, அவர்கள் ஆசைப்பட்டுத் தோண்டியதல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 72,000 லிட்டர் தண்ணீர்! தில்லிக் கோடையில் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பத்தாயிரம் லிட்டர் லாரி ஏழு வந்து நின்றால்தான் நிரம்பும்.

இத்தனை தண்ணீரில் அவர்கள் இறங்குவது மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான். மற்ற மாதங்களில் அது தூங்க வேண்டும். தூங்க வைப்பதற்குத்தான் இவ்வளவு பாடு.

"காலி பண்ணிக் கவிழ்த்து வைத்துவிட்டால் போச்சு, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டேன். தீபாவளி சமயத்தில் கூலரை அப்படித்தானே செய்கிறோம்? தொட்டியை வடித்து, தேய்த்துக் கழுவி, காயவைத்து, சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டால் மார்ச் வரை கவலையில்லை.

மாப்பிள்ளை சிரித்தார். "தண்ணியை முழுசா எடுத்தா குளமே போயிடும் மாமா."

அவர் சொன்னது சரிதான். வெளியே மண்ணில் நிலத்தடி நீர் ஏறினால் அது குளத்தை நாலு பக்கமும் அழுத்தும். உள்ளிருக்கும் தண்ணீரின் கனம்தான் அதை எதிர்த்து நிற்கிறது. காலியாக விட்டால் வினைல் விரிப்பு சுருங்கிக் கிழியும், சுவர் உள்ளே சாயும். காங்கிரீட் குளமாக இருந்தால் தொட்டியே படகு மாதிரி மேலே கிளம்பிவிடுவதும் உண்டு. ஆக, குளத்துத் தண்ணீர் எதிரியல்ல. மேலே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் உறைந்தாலும் அடியில் அது தண்ணீராகவே இருக்கும்.

எதிரி குழாய்க்குள் இருக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துவிடும். திறந்த இடத்தில் பருத்தால் பாதகமில்லை. குழாய்க்குள், பம்பின் வயிற்றுக்குள், வால்வின் மூலையில் அடைபட்டுக் கிடக்கிற ஒரு டம்ளர் தண்ணீர் பருத்தால் அதற்குப் போக்கிடம் கிடையாது, பாத்திரத்தைத்தான் உடைக்கும். சிம்லாவில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். ஜனவரி இரவுகளில் குழாயை லேசாகச் சொட்ட விட்டுப் படுத்த கதையைச் சொல்வார்கள்.

2021-இல் மூடும் வேலையை ஒரு கம்பெனியிடம் விட்டிருந்தார்கள். வந்த பையன்கள் அரை மணியில் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹீட்டரின் அடித்திருகைக் கழற்றவில்லை. மறு வசந்தத்தில் அதன் செப்புக் குழாய் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. மூடியதற்குக் கொடுத்த கூலியைப் போல் பல மடங்கு அதற்கு அழ வேண்டியதாயிற்று. அதனால்தான் இந்த முறை மாப்பிள்ளை தானே இறங்கினார். எனக்கும் குழாய், வால்வு என்றால் பழைய உத்தியோகத்தின் பாசம் உண்டு. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

ஒரு வாரம் முன்பே ஏற்பாடு ஆரம்பித்துவிட்டது. தண்ணீரின் சூடு 18 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பாசி வளர்வது மட்டுப்படும். அதற்கு முன்னால் மூடினால் கவருக்கு அடியில் பாசி சுகமாக வளர்ந்து கொழிக்கும். ரொம்பக் காத்திருந்தாலோ மேப்பிளும் ஓக்கும் ஊரிலுள்ள இலையையெல்லாம் உள்ளே கொட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் நாள் பார்க்க வேண்டும், கல்யாண முகூர்த்தம் மாதிரி. அமில, கார அளவு 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் நிற்கும்படி செய்தார். பிறகு குளோரின், பாசிக்கொல்லி. குளோரினையும் அமிலத்தையும் ஷெட்டில் ஆளுக்கொரு மூலையில் வைத்திருந்தார். இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு.

சனிக்கிழமை காலை தண்ணீரை ஓர் அடி இறக்கினார். சுவரில் ஒரு வாய் இருக்கிறது. மேலே மிதக்கும் இலையையும் பூச்சியையும் அதுதான் இழுத்துக்கொள்கிறது, ஸ்கிம்மர் என்பார்கள். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போக வேண்டும். ஓர் அடிதான் என்றாலும் பதினான்காயிரம் லிட்டருக்கு மேல்! அது புல்தரையில் வழிந்து ஓடியதை நான் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை. பம்ப், ஃபில்டர், ஹீட்டர் மூன்றுக்கும் அடித்திருகுகளைக் கழற்றி வடித்தார். திருகுகள் காணாமல் போகாமலிருக்க அவற்றைப் பம்பின் கூடைக்குள்ளேயே போட்டுவைத்தார். நல்ல பழக்கம். பிறகு கம்ப்ரஸரை மாட்டிக் குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தினார். சுவரில் தண்ணீர் திரும்பி வரும் துவாரங்களில் முதலில் ஒன்றிரண்டு குமிழி, அப்புறம் உலை கொதிப்பது போல் தளதளவென்று வந்தது. அந்தக் கொதிப்பு நிற்காமல் வரும்போதே தோள் வரை கையை விட்டு, தண்ணீருக்குள் ஒவ்வொரு துவாரத்திலும் ரப்பர் அடைப்பானை வைத்துத் திருக வேண்டும். தண்ணீரோ பல்லைக் கிட்ட வைக்கிற ஜில்லிப்பு. அடியிலுள்ள வடிகாலுக்கு அடைப்பான் கிடையாது. காற்று அங்கிருந்து குமிழியிட்டுக் கிளம்பும் போதே மேலே வால்வைச் சட்டென்று மூடிவிட்டார். உள்ளே காற்று சிறைப்பட்டது, தண்ணீர் திரும்பி ஏற வழியில்லை. மிச்சம் மீதிக்கு ரோஜா நிறத்தில் ஓர் உறையாத் திரவத்தை ஊற்றினார். காருக்குப் போடுவது இல்லை, அது விஷம். இது விஷமில்லாத வேறு வகை. ஸ்கிம்மருக்குள் ஒரு வெற்று பிளாஸ்டிக் குப்பியைத் திருகி நிறுத்தினார். பனி நெருக்கினால் குப்பி நசுங்கும், சுவர் பிழைக்கும். இதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு சபாஷ்.

கடைசியாக மூடுவது. இதில்தான் வீட்டில் ஒரு வாரமாக வழக்கு. பழைய கவர் கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு. சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய பைகளைப் பாரமாக வைத்துவிட்டால் முடிந்தது. மலிவு, வெளிச்சம் உள்ளே போகாது, வசந்தத்தில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். மாப்பிள்ளை அதன் பக்கம். என் பெண்ணோ வலைத்துணிக் கவர்தான் வேண்டும் என்றாள். அதைக் காங்கிரீட்டில் பித்தளை ஆணிகள் இறக்கி, ஸ்பிரிங் வைத்த பட்டைகளால் கட்டில் கயிறு மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும். விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல்.

அவள் எங்களை ஜன்னலண்டை அழைத்துப்போய், முந்தின பனிக்காலத்தில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினாள். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மழைத்தண்ணீர் நாலைந்து அங்குலம் தேங்கி, அதன் மேல் இலைகள் பரவி, பார்ப்பதற்குத் தரை போலவே இருந்தது. "நமக்கே தரைன்னு தோணுதேப்பா. இவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. கதவுத் தாழ்ப்பாள் எட்ட ஆரம்பித்திருந்தது.

அமெரிக்காவில் ஒன்றிலிருந்து நாலு வயதுக் குழந்தைகள் சாவதற்கு முதல் காரணம் தண்ணீரில் மூழ்குவதுதான். சில அங்குலத் தண்ணீர் போதும், சத்தமும் வராது. பைகள் வைத்த விரிப்பின் மேல் குழந்தை கால் வைத்தால் விரிப்பு உள்வாங்கி அவனைச் சுற்றிக்கொள்ளும். வலைத்துணியில் மழை கீழே இறங்கிவிடுவதால் மேலே தேங்காது. அங்கே பாதுகாப்புக் கவர் என்று பெயர் வாங்க வேண்டுமானால், இந்த அளவுக் குளத்துக்கு 485 பவுண்டு, அதாவது 220 கிலோ பாரத்தை அது தாங்கிக் காட்ட வேண்டும். இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் என்று கணக்கு.

மாப்பிள்ளை அதற்கு மேல் பேசவில்லை. கவரை வாங்கினார்கள். பட்டைகளை இழுத்து மாட்ட நானும் ஒரு கை கொடுத்தேன். ஏணியைக் கழற்றி ஷெட்டில் வைத்தோம். வேலிக் கதவுக்கு ஒரு பூட்டும் போட்டார்.

திரும்பி வந்ததிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். குர்கானிலும் நொய்டாவிலும் அடுக்குமாடிகளில் நம்மவர்கள் நிறைய இருக்கிறோம். பலவற்றில் நீச்சல் குளம் உண்டு. நவம்பர் வந்தால் காவலுக்கு நிற்பவரை அனுப்பிவிட்டு, கேட்டில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு 'மூடியாயிற்று' என்கிறோம். தண்ணீர் பச்சையாகி அப்படியே கிடக்கிறது. பந்தைத் துரத்தும் பையன் நுழைகிற இடைவெளி கம்பிகளுக்கு நடுவே இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நம் குளிரில் குழாய் வெடிக்காது, கம்ப்ரஸர் வேண்டாம். ஆனால் வேலியையும் கவரையும் பற்றி உங்கள் சொஸைட்டிக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கலாம். நான் என் மச்சினர் குடியிருக்கும் இடத்தில் கேட்க வைத்தேன். செலவு அதிகம் என்று முதல் கூட்டத்தில் தள்ளிவிட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த 2022 டிசம்பர் 23-ஆம் தேதி அங்கே ஒரே நாளில் குளிர் பாய்ந்து, பூஜ்யத்துக்குப் பத்து டிகிரிக்கும் கீழே போயிற்று. நான் அப்போது தில்லி திரும்பியிருந்தேன். போனில் பெண்ணிடம் முதலில் கேட்டது ஹீட்டரைப் பற்றித்தான். மே மாதம் கவரைப் பிரித்தபோது குழாய்களில் ஒரு சொட்டுக் கசிவில்லையாம். தண்ணீர் மட்டும் லேசாகப் பச்சை தட்டியிருந்தது, வலைத்துணி என்றால் அது உண்டு. மாப்பிள்ளை குளோரினைப் போட்டு நாலு நாள் ஃபில்டரை ஓட்டினார். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தரம் சொன்னாராம். ஒரே ஒரு தரம்தான்.