நகரப் பள்ளிக்கேற்ற நல்லாசிரியர்

ஏழை மக்கள் நெருங்கி வாழும் பெருநகரப் பகுதிகளின் பொதுப் பள்ளிகளுக்கே தேர்ந்த ஆசிரியர் முதற்கண் வேண்டும். அமெரிக்க நகரங்களிலோ நடைமுறை நெடுங்காலமாக இதற்கு மாறாக இருந்து வருகிறது. பட்டறிவில்லாப் புதியவர்களே அங்கு மிகுதியாக அமர்த்தப்படுகின்றனர். அவருட் பலர் சில ஆண்டுகளில் விலகி விடுகின்றனர். இழப்பு மாணவர்க்கே. இக்குறையைப் போக்க அந்நாட்டில் எழுந்த முயற்சிகள் ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கவை.

தலைநகர் வாஷிங்டனில், கறுப்பின மாணவர் பயின்ற கார்டோசோ உயர்நிலைப் பள்ளியில் 1963ஆம் ஆண்டு ஒரு சோதனைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அமைதிப் படையில் சேர்ந்து வெளிநாடுகளில் தொண்டாற்றித் திரும்பிய பட்டதாரிகள் அங்குப் பயிற்சியாசிரியர் ஆயினர். கல்லூரியில் பயிற்சியை முடித்த பின்னரே பள்ளிக்குள் நுழைவது பழைய முறை. இங்கோ பள்ளியே பயிற்சிக்கூடமாயிற்று. நாளின் ஒரு பகுதியில் அவர்கள் வகுப்பு நடத்தினர். மூத்த ஆசிரியர் உடனிருந்து நெறிப்படுத்தினார். எஞ்சிய நேரத்தில் கல்வியியல் பயின்றனர். பாடநூல் மாணவர் வாழ்வோடு ஒட்டாதவிடத்துத் தாமே பாடங்களை எழுதினர். வழிகாட்டிய மூத்த ஆசிரியருள் ஒருவரான லாரி கியூபன் பின்னாளில் கல்வி வரலாற்றறிஞராக விளங்கினார். 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தோற்றுவித்த தேசிய ஆசிரியர் படைக்கு இத்திட்டமே முன்மாதிரி. அப்படை 1980களின் தொடக்கத்தில் மறைந்தது. அதன் கருத்து மறையவில்லை.

ஏழைச் சிறார்பால் இரக்கங்காட்டுவது மட்டும் சமூக நீதியாகாது. ஜீனி ஓக்ஸ் என்னும் அறிஞர் 25 பள்ளிகளை ஆராய்ந்த செய்திகளைக் கொண்டு 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். மாணவரைத் திறன்வாரியாகப் பிரிக்கும் முறையில் ஏழையரும் சிறுபான்மையினரும் கீழ்ப்பிரிவுகளிலேயே மிகுதியாகச் சேர்கின்றனர் என்பதையும், அங்குச் சிந்தனைக்கு இடமின்றி மனப்பாடப் பயிற்சியே மேலோங்குகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். வகுப்பறைக்குள்ளேயே நிகழும் இவ்வநீதியைக் காணும் கண் ஆசிரியருக்கு வேண்டும். அக்கண்ணைத் திறப்பதே பயிற்சியின் முதற் கடமை.

1992ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெருங்கலவரம் மூண்டது. அதன்பின் அந்நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 'எக்ஸ் மையம்' அமைந்தது. அதனை உருவாக்கியவருள் ஓக்ஸ் முதன்மையானவர். அங்கு ஆசிரியப் பயிற்சி ஈராண்டு. முதலாண்டில் பயிற்சிக் கற்பித்தலும் பாடங்களும். இரண்டாமாண்டில் ஊதியம் பெறும் முழுநேர ஆசிரியப் பணி. ஆனால் பல்கலைக்கழகம் அப்போதும் கைவிடுவதில்லை. குழுவாகக் கூடி, வகுப்பறைச் சிக்கல்களை ஆராய வைக்கிறது. புதியவர் மனந்தளர்ந்து விலகும் காலம் அதுவேயன்றோ?

2003இல் பாஸ்டன் நகரிலும் இதையொத்த திட்டமொன்று தோன்றியது. ஓராண்டு முழுவதும் மூத்த ஆசிரியரோடு ஒரே வகுப்பறையில் பயில்வோர், பின்னர் அந்நகரப் பள்ளிகளிலேயே மூன்றாண்டு பணிபுரிய உறுதியளிப்பர்.

மருத்துவர் மருத்துவமனையிலே பழகித் தேர்வது போல, ஆசிரியர் பள்ளியிலே பழகித் தேர்தல் வேண்டும் என்பதே இம்முயற்சிகள் உணர்த்தும் உண்மை. சான்றிதழ் வழங்கும் நாள் பயிற்சியின் முடிவன்று. புதிய ஆசிரியரைத் தனியே விட்டுவிடும் பள்ளி, அவர்தம் மாணவரையும் தனியே விட்டுவிடுகிறது.