செம்மண் சாலையும் ஒன்பது வருடத் தவணையும்

மலாக்காவில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்று வந்து சேரும் கார்களைப் பாருங்கள். பதினைந்து வருடத்துக்கு முன்பு சாகா, ஈஸ்வரா, வீரா, கஞ்சில் என்று வரிசை கட்டி நின்ற இடம் அது. இப்போது பாதிக்கு மேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற உயரமான சின்ன கார்கள். எஸ்யுவி என்கிறார்கள். ஆயர் குரோவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளைகள் பலருக்கு வாங்கப்போகும் முதல் காரே அதுதான்.

இதை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட மாட்டேன். புக்கிட் அசகான், டைமண்ட் ஜூபிலி, தெபோங், கெமெண்டோர் என்று எந்தப் பக்கம் போனாலும், தார்ச் சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் செம்மண்தான். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். நடுவில் மண் மேடிட்டுப் புல் முளைத்திருக்கும். தாழ்ந்த கார் என்றால் அந்த நடுமேடு அடிவயிற்றை உரசும். கொஞ்சம் உயரமாக வேண்டும் என்று தோட்டத்துப் பிள்ளை கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இந்த ஆசை புதிதும் அல்ல. பெரோடுவா 1998-இல் கெம்பாராவை வெளியிட்டபோதே நம்மவர்களின் கண் அதன் மேல் விழுந்தது. சின்ன உருவம், 1.3 லிட்டர் இயந்திரம், ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. இன்று கடையில் நிற்கும் குறைந்த விலை எஸ்யுவிகளுக்கு அந்தக் குணம் கிடையாது. பெரோடுவா அத்திவா, புரோட்டோன் எக்ஸ்50, ஹோண்டா டபிள்யூஆர்-வி மூன்றிலும் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பெரோடுவா அருஸில் பின்சக்கரம். அடைமழையில் சேற்றில் சிக்கினால் மைவியைத் தள்ளுவதுபோல இவற்றையும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். நாம் காசு கொடுப்பது உயரத்துக்கு. சேற்றை வெல்லும் வண்டி என்று நினைத்து யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உயரம் என்றால் எவ்வளவு? அத்திவாவின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 200 மில்லிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. டபிள்யூஆர்-வியிலும் அருஸிலும் 220. நடுமேடு உரசாமல் போக இது போதும். வெள்ளத்துக்குள் இறங்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

உயரத்தில் இன்னொரு லாபம் உண்டு. அதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள், பாட்டி சொல்லுவார். தாழ்ந்த காரில் உட்காருவது முழங்கால் வலிக்காரருக்குக் கிணற்றில் இறங்குகிற மாதிரி. அருஸ் போன்றதில் ஒரு படி ஏற வேண்டும். அத்திவா உயரத்தில் இருக்கை இடுப்பளவுக்கு வருகிறது. அப்படியே நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். மலாக்கா மருத்துவமனைக்கு மாதாமாதம் சர்க்கரை மருந்துக்குப் போய்வரும் பெரியவர் வீட்டில் இருந்தால், வண்டி வாங்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அத்திவா 2021 மார்ச்சில் வந்தது. அப்போது விற்பனை வரி விலக்கு நடப்பில் இருந்ததால், காப்புறுதி நீங்கலாக மூன்று ரகங்களின் விலை 61,500, 66,100, 71,200 வெள்ளி. அந்த விலக்கு 2022 ஜூன் 30-க்குப் பிறகு செய்யும் முன்பதிவுகளுக்குக் கிடையாது. விலையும் சற்று ஏறியது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. சின்ன இயந்திரமாயிற்றே என்று பயப்பட வேண்டாம், ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டுவதற்கு வேண்டிய பலம் இருக்கிறது. ஆனால் டர்போ வண்டிக்கு எண்ணெய் மாற்றும் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய கஞ்சிலுக்குக் காட்டிய அலட்சியத்தை இதற்குக் காட்டினால் செலவு பெரிதாகும்.

சேல்ஸ்மேன் விலை கூடிய ரகத்துக்குத்தான் இழுப்பார், அது அவர் தொழில். அத்திவாவில் ஆறு காற்றுப்பைகள், வண்டி சறுக்காமல் காக்கும் கட்டுப்பாடு, முன்னால் ஆபத்து என்றால் தானாகப் பிரேக் போடும் வசதி மூன்றும் விலை குறைந்த ரகத்திலேயே இருக்கின்றன. உயிர் காக்கும் முக்கியமான பொருள்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. மேல் ரகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி போன்றவை வரும். தினமும் நெடுஞ்சாலையில் சிரம்பான்வரை போகிறவருக்கு அது பயன்படலாம். ஜாசினிலிருந்து ஆயர் குரோ போகிறவருக்கு எதற்கு? குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பின்னிருக்கைக்குத் தனியாகக் குளிர்காற்றுத் துவாரம் கிடையாது. மத்தியான வெயிலில் பின்னால் பிள்ளைகள் புலம்பும்.

எக்ஸ்50 இதைவிட அகலம், பலம், அழகு. 2020 அக்டோபரில் அதன் ஆரம்ப விலையே 79,200 வெள்ளி. டபிள்யூஆர்-வி 2023 ஜூலையில் 89,900-இல் தொடங்கியது. அலோர் காஜா பக்கம் பெகோவில் இருக்கும் ஹோண்டா தொழிற்சாலையில் பொருத்தப்படும் கார் அது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதன் மேல் தனிப் பாசம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அருஸ் ஏழு பேர் உட்காரும் வண்டி, 2019 ஜனவரியில் 72,900 வெள்ளியில் வந்தது. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தால் யோசிக்கலாம். தனி ஆளுக்குத் தேவையில்லை.

கணக்கு நோட்டைத் திறப்போம்

என் அக்காள் மகனுக்கு 24 வயது. ஆயர் குரோவில் டெக்னீஷியன், சம்பளம் 3,200 வெள்ளி. இதுவரை மோட்டாரில்தான் வேலைக்குப் போய்வந்தான். "மாமா, மாசம் 750 வெள்ளிதான், கட்டிடலாம்" என்று ஒரு தாளை நீட்டினான். தாளில் இருந்தது சரிதான். இல்லாததைத்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

70,000 வெள்ளி கார், பத்து விழுக்காடு முன்பணம், 63,000 கடன். வட்டி 3.2 விழுக்காடு, ஒன்பது வருடம். மாதத் தவணை 751 வெள்ளி. மொத்த வட்டி 18,144. இங்கே 3.2 என்பது நிலையான வட்டி. கடன் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி மாதம்வரை முழு 63,000-க்கும் வட்டி போடுவார்கள். வீட்டுக் கடனைப்போல மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது ஏறக்குறைய 5.8 விழுக்காட்டுக்குச் சமம்.

அடுத்து இன்னொரு கணக்கு. இன்னும் ஒரு வருடம் மோட்டாரிலேயே போகிறான், மாதம் 500 வெள்ளி ஒதுக்குகிறான். கையில் இருக்கும் 7,000-த்தோடு 6,000 சேர்ந்து முன்பணம் 13,000 ஆகிறது. விலை குறைந்த ரகத்தை எடுக்கிறான், சுமார் 63,000 வெள்ளி. கடன் 50,000, அதே வட்டி, ஏழு வருடம். தவணை 729. மாதத்துக்கு 22 வெள்ளிதான் வித்தியாசம், ஆனால் ஒரு வருடம் முன்னதாகவே கடன் முடிகிறது. முன்பணத்தையும் சேர்த்தால் முதல் வழியில் 88,144 வெள்ளி போகிறது, இரண்டாவதில் 74,200.

ஒன்பது வருடம் என்ற எண்ணை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அவன் அப்பா. அவருக்கு வயது 56. இன்னும் நான்கு வருடத்தில் 60, வேலை ஓய்வு. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். முப்பது வருடம் வாழ்ந்த வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஜாசினிலோ மெர்லிமாவிலோ ஒரு வீடு பார்த்தாக வேண்டும், அந்த வீட்டுக் கடனை வாங்கப்போகிறவனும் இதே மகன்தான்.

வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் பார்ப்பது, சம்பளத்தில் எவ்வளவு ஏற்கெனவே தவணைக்குப் போகிறது என்பதை. மாதம் 750 வெள்ளி என்பது, 4.2 விழுக்காடு வட்டியில் 35 வருடத்துக்கு வாங்கும் ஏறக்குறைய 165,000 வெள்ளி வீட்டுக் கடனின் தவணை. காருக்குக் கையெழுத்துப் போடும்போது கிட்டத்தட்ட அவ்வளவு வீட்டை அடமானம் வைக்கிறோம். இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்காள்தான், "அப்ப கார் வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு ஷிப்டு முடிந்து மழையில் மோட்டாரில் வருகிறவனுக்குக் கார் வேண்டும். எந்த வருடம், எவ்வளவு கடன் என்பதுதான் பேச்சு.

ஜாமீன் யார்?

வேலைக்குப் புதிதான பிள்ளையிடம் வங்கி ஜாமீன் கேட்கலாம். அப்பா யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார். மகன் கட்டாவிட்டால் வங்கி அவரிடம் வரும், அவர் ஓய்வு பெற்றிருந்தாலும் வரும். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டு வண்டியைப் பறிக்கலாம். முக்கால்வாசி கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பறிக்க முடியாது. தம்பிக்காகவும் சித்தப்பா மகனுக்காகவும் ஜாமீன் போட்டுவிட்டு, சொந்தப் பிள்ளைக்குக் கடன் கேட்டபோது தடுமாறியவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. பெரியவர்களின் கையெழுத்து இல்லாமல் எவ்வளவு கடன் கிடைக்கிறதோ, அந்த அளவுக்குள் வருகிற காரைப் பாருங்கள்.

மற்றச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் காருக்குச் சாலை வரி வருடத்துக்கு 20 வெள்ளி, 1.5 லிட்டர் மைவிக்கு 90. இதில் பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கடிப்பது காப்புறுதி. முதல் வருடம் கழிவு ஏதும் கிடையாது. விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் அடுத்த வருடம் 25 விழுக்காடு கழிவு, அப்படியே ஏறி ஐந்தாவது வருடத்துக்குப் பிறகு 55. பெட்ரோலுக்கு, நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 26 நாள், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று போட்டால் 87 லிட்டர். 2025 செப்டம்பர்வரை இருந்த 2 வெள்ளி 5 காசு விலையில் அது 178 வெள்ளி. விளம்பரத்தில் லிட்டருக்கு 18.9 என்று இருக்கும். அது சோதனைக்கூடத்துக் கணக்கு. பள்ளமும் மேடும் அங்கே கிடையாது.

வாங்குவது என்று முடிவானால், சோதனை ஓட்டத்துக்கு ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் வந்தால் போதாது. தோட்டத்துச் சாலைவரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். ஒருவர் மறுத்தால் இன்னொருவர் சம்மதிப்பார். பின்னால் மூன்று பேரை உட்கார வையுங்கள், பாட்டியை ஏறி இறங்கச் சொல்லுங்கள், பின்கதவைத் திறந்து கேஸ் தோம்பு ஒன்றும் அரிசி மூட்டை ஒன்றும் நிற்குமா என்று அளந்து பாருங்கள். வண்டியை எடுக்கும் நாளைப் பகலாக வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் கீறல் தெரியாது. எண் பட்டையைக் காப்புறுதித் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பொய்யாத விநாயகர் கோயிலுக்கு ஓட்டிப் போகலாம். சக்கரத்துக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம் மறக்க வேண்டாம்.